மூன்றரை டிகிரிக் கடல்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் இருக்கும் தெருக்களுக்குள் நுழைந்தால் வெளியே வர மனம் வராது. வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். கப்பி, மாலி, ஏஞ்சல், தங்கமீன், தனித்தனிக் குப்பிகளில் ஃபைட்டர். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். ஆக்ஸிஜன் நிரப்பி ரப்பர் பேண்ட் போட்ட பாலித்தீன் பைகள் அங்கிருந்து எந்தெந்த ஊருக்கோ போகின்றன. ஆனால் அநேகமாக எல்லாம் நன்னீர் மீன்கள். கடல் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கை காட்டும் கடைகள் மிகக் குறைவு.

2023 தொடக்கத்தில் அப்படி ஒரு கடையில் என் மகனோடு போய் நின்றேன். நீல விளக்குக்குக் கீழே கோமாளி மீன்கள் அசைந்துகொண்டிருந்தன. கடைத் தம்பிக்கு அவை ‘நீமோ’. வேறு பெயரே கிடையாது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு சின்னத் தொட்டி வைக்கப்போகிறேன், இதுதான் முதல் தடவை என்றேன்.

“அப்ப மொதல்ல நாலு டாம்சல் போடுங்கக்கா. தண்ணி செட் ஆகிறவரைக்கும் அது தாங்கும். செத்தாலும் பரவால்ல, வெல கம்மி.”

பிறகு மேசைக்குக் கீழே இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று பவளக் கொத்துகள். “டெட் கோரல்தான்க்கா. உயிர் இல்ல. உள்ள வெச்சா அழகா இருக்கும்.”

எனக்கு அந்தக் கல்லைத் தெரியும். தூத்துக்குடியில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய ஊர் எங்களுடையது. பழைய வீடு ஒன்றை இடித்தபோது காரை உதிர்ந்த சுவருக்குள் பூப்பூவாய்த் தடம் பதிந்த கற்களைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்த பிறகு அலையைத் தடுக்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. 2001இல்தான் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும் செத்துப்போயிருந்தாலும் எடுக்கவோ விற்கவோ கூடாது. கடல்குதிரையும் கடல் அட்டையும் அந்த ஆண்டுதான் அட்டவணைக்குள் வந்தன.

டாம்சல், பவளம் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் மகன் கேட்டான்: “அப்ப நாம எதையுமே கடல்லேர்ந்து எடுக்காம கடல் செய்ய முடியுமாம்மா?” அவன் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். முடிந்தவரை அப்படித்தான் செய்வது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. பவளம் கிடையாது. பவளமணலும் கிடையாது, தொட்டியின் அடி வெறும் கண்ணாடியாகவே இருக்கட்டும். பாறைக்குப் பதில் நுண்துளை நிறைந்த பீங்கான் கற்கள். மீன் வந்தால் குஞ்சுப் பண்ணையிலிருந்து வர வேண்டும். நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறப்பவை. கடல் வண்ண மீன்களில் இன்றைக்கும் பெரும்பாலானவை பாறையில் பிடிபடுபவை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்த பிறகு கடையில் நின்று “அழகா இருக்கு, குடுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் கேட்ட நீல நிற ‘டோரி’யும் அப்படித்தான் போனது. ஒரு அடி வரை வளர்கிற மீனை இரண்டடித் தொட்டியில் வைக்கக் கூடாது. தவிர, அது மனிதர் பராமரிப்பில் முதன்முதலாக வளர்ந்து வந்ததே 2016இல், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். நம் கடைகளுக்கு வருவது எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

தண்ணீருக்கு என்ன செய்வது? கடலோர நகரத்தில் இருந்துகொண்டு கடல்நீரைக் கேனில் பிடித்து வந்தால் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1909இல் எட்கர் தர்ஸ்டன் முன்முயற்சியில் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தபோது வாசலில் கடல் இருந்தது. இன்றைக்குக் கூவமும் அடையாறும் அதில் கொண்டுவந்து சேர்ப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் போக, வங்கக் கடலின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய நீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே தள்ளிக்கொண்டு வரும். இங்கே பெய்யும் மழையும் சேர்ந்துகொள்ளும். சென்னைக் கடலின் உப்பு இறங்கிவிடும். அறுபது லிட்டர் தண்ணீருக்குள் வாழப்போகிற உயிருக்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டாம் என்று நினைத்தேன். ஆகவே உப்புக் கலவையை வாங்கினேன்.

அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வந்த நாள்தான் இந்தக் கதையில் அப்பா நுழைந்த நாள்.

அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு மடிப்பாக்கத்தில் இருக்கிறார். கூரியர்க்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தூக்கிப் பார்த்து, அச்சிட்டிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்து, என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உப்பையா ரூவா குடுத்து வாங்குதே?”

“ஆமாப்பா.”

“நம்ம உப்புல என்ன இல்லேன்னு இத வாங்குத?”

கேள்வி கோபமில்லாமல்தான் வந்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் உப்போடு இருந்தவரிடம் இதற்குச் சரியான பதிலைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவரையே கேட்டேன். உப்பளத்தில் தண்ணீரை எப்போது எந்தப் பாத்திக்கு மாற்றுவீர்கள் என்று.

அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தேவையான பதில் முழுதும் அதில் இருந்தது. கண்ணாடிக் குழல் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்ப்பார்கள். கடல்தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலில் காயக் காய ஏறும். முதலில் அடியில் ஜிப்சம் படியும். அதை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் அடுத்த பாத்திக்குக் கடத்துவார்கள். 25 டிகிரியைத் தாண்டினால் உப்பு விளையும். 29, 30 ஆகிவிட்டால் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் உப்பு கசக்கும்.

“ஜிப்சம்னா சுண்ணாம்புச் சத்துப்பா. கடைசியா நீங்க திறந்து விட்டீங்களே கசப்புத் தண்ணி, அது மக்னீசியம். ரெண்டும் போன பெறகு பாத்தியில கிடக்கிறது சமையலுக்கு. மீனுக்கு அந்த ரெண்டும் வேணும். அதான் இந்தப் பெட்டி.”

அப்பா சற்று நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நாங்க பிரிச்சதையெல்லாம் திரும்பச் சேத்து வச்சிருக்கான்” என்றார்.

கடல் உப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884இல் முடிவை வெளியிட்டார். பெருங்கடலின் எந்த மூலையில் மொண்டாலும், உப்பின் மொத்த அளவு கூடக் குறைய இருந்தாலும், அதற்குள் குளோரைடு, சோடியம், சல்ஃபேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் இவற்றின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. அந்த விகிதம் மாறாமல் இருப்பதால்தான் ஒரு கலவையைப் பையில் அடைத்து விற்க முடிகிறது.

அன்று மாலை பெரிய பக்கெட்டில் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பிச் சின்ன மோட்டார் ஒன்றை உள்ளே ஓடவிட்டு உப்பைக் கொட்டினோம். லிட்டருக்கு 36, 37 கிராம். பால் நிறமாகக் கலங்கி, மறுநாள் காலையில் தெளிந்திருந்தது. நான் ஒளிவிலகல் மானியின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒப்படர்த்தி 1.025. ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு. அப்பா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குழலை எடுத்து வந்து பக்கெட்டில் இறக்கினார். குனிந்து பார்த்தார்.

“மூணரை” என்றார்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உப்பளக்காரர்களின் போமே அளவில் மூன்றரை என்பது 1.025க்குச் சமம். அன்று முதல் எங்கள் வீட்டில் தண்ணீரின் உப்பு டிகிரியில்தான் பேசப்படுகிறது.

தொட்டியில் தண்ணீரும் கற்களும் வைத்த பிறகு மீன் வாங்கக் கூடாது. இது முதன்முதலில் தொடங்குகிற எல்லோருக்கும் கஷ்டமான கட்டம். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரில் இன்னும் எந்த உயிரும் குடியேறியிருக்காது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். கடல்நீரின் காரத்தன்மையில் அது சாதாரண நன்னீரில் இருப்பதைவிடக் கொடிய விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. இரண்டும் கற்களின் துளைகளில் ஒட்டிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். கடைத் தம்பி டாம்சலைப் போடச் சொன்னது இதற்குத்தான். அம்மோனியா வேண்டுமே ஒழிய, அதற்காக ஒரு மீன் செவுள் வெந்து தவிக்க வேண்டியதில்லை. மீன் கடையில் வாங்கிய வளர்ப்பு இறால் ஒன்றைச் சல்லாத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். அது அழுகியது. கூடத்தில் சில நாள் நாற்றம். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளித்தோம். நண்பர் ஒருவர் தன் தொட்டியில் பல மாதம் ஊறிய பீங்கான் வளையங்களில் ஒரு கைப்பிடி கொடுத்தார். நுண்ணுயிருக்கு வித்து அதிலிருந்துதான் வந்தது.

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மகனின் மாலை வேலை. அம்மோனியாக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சையாகி, கரும்பச்சையாகி, ஒரு வாரம் போல அப்படியே நின்றது. நைட்ரைட்டுக் குழாயில் ஊதா தெரிந்த அன்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பச்சை வெளிறி மறுபடி மஞ்சளானது. ஊதா நெடுநாள் அசையவில்லை. பிறகு ஒரே இரவில், உண்மையில் ஒரே இரவில், அது காணாமல் போயிற்று. இந்த உயிர்களை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. சூரிய ஒளியோ பிற உயிரின் உடலோ தேவைப்படாமல், அம்மோனியாவை எரித்தே பிழைக்கிற வாழ்க்கை அவற்றுடையது. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கண்டுசொல்லும்வரை அப்படியொரு வாழ்க்கை இருப்பதே உலகுக்குத் தெரியாது. எங்கள் கூடத்து மூலையில் அது நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அதன் பிறகு கண்ணாடியில் பழுப்புப் படலம் படர்ந்தது. சிலிக்காவைத் தின்று வளரும் டயாட்டம். பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்துவிட்டேன். அது ஓய்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளிகள் கண்ணாடி மேல் ஓடின. நண்பரின் வளையங்களோடு வந்த குட்டி ஓட்டுடலிகள், கோப்பிபாடுகள். நாங்கள் அழைக்காமல் வந்த முதல் குடிகள் அவை.

கோமாளி மீன் இணையைத் தேடிப் பிடிக்க இன்னும் சில வாரம் ஆயிற்று. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியவை. அந்த வழிமுறையைக் கற்றுச் சிறு அளவில் குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவை அப்படிப் பிறந்தவை. விரல் நீளம்கூட இல்லை. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டோம். அவசரப்படக் கூடாது. கடல் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கூடுதல் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. உப்பின் அளவு திடீரென்று மாறினால் இந்த ஓயாத உழைப்பு தடுமாறும். “தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே தாகமா?” என்று அப்பா கேட்டார். ஆமாம், நிஜமாகவே தாகம்தான்.

அப்புறம் மே மாதம் வந்தது. சென்னையின் மே.

சின்னத் தொட்டி எளிது, பெரிய தொட்டி கடினம் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை நேர்மாறு. சூடும் உப்பும் சின்ன நீரில்தான் வேகமாக மாறும். எங்கள் அறுபது லிட்டரில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் ஆவியானால் 35 இருந்த உப்பு மறுநாளே 36ஐத் தாண்டிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். ஆகவே ஈடு ஊற்றுவது உப்பில்லாத நீராக இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் சிலர் உப்புநீரையே ஊற்றி உப்பை ஏற்றிவிடுவதுண்டு. இதை அப்பாவுக்கு விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தொட்டியின் பக்கத்தில் டேப் ஒட்டிக் கோடு குறித்து, காலையிலும் மாலையிலும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. நீரை ஊற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வெயில் ஏறினால் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண்.

தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி இரண்டு சின்ன விசிறிகள் வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. புழுக்கமான நாளில் அதுவும் குறையாது. ஒரு மத்தியானம் வெப்பமானி 31 காட்டியது. கோமாளி மீன்கள் மேலே வந்து வேகமாகச் செவுள் அசைத்தன. சூடான உப்புநீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். நான் அப்போது நினைத்தது எங்கள் ஊர்க் கடலை. 1998இலும் 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தது இப்படியான சூட்டில்தான். இங்கே விசிறியைத் திருப்பி வைக்க ஒரு ஆள் இருக்கிறாள்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3ஆம் தேதி இரவு தொடங்கிய மழை 4ஆம் தேதி முழுக்க விடவில்லை. எங்கள் தெருவில் முழங்காலைத் தாண்டித் தண்ணீர். கீழ்த்தளத்துக் குடும்பம் சாமான்களோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தது. மின்சாரம் போனது, இன்வெர்ட்டர் சிறிது நேரம் தாங்கியது. மீன் தொட்டியில் மின்சாரம் நின்றால் முதலில் வரும் ஆபத்து பசி அல்ல, மூச்சு. நீர் சுழலாவிட்டால் மேலே கரையும் ஆக்ஸிஜன் கீழே போகாது. கற்களில் இருக்கும் நுண்ணுயிரும் அதே ஆக்ஸிஜனுக்கு நிற்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை வைத்தேன். செல் தீர்ந்தது. கடை இல்லை.

அப்பா குவளையை எடுத்தார். தொட்டியிலிருந்து மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் தொட்டிக்குள் ஊற்றினார். மொள்வது, ஊற்றுவது. அவருக்குப் பிறகு நான், பிறகு மகன், பிறகு கீழ்வீட்டுப் பெண். கல்லூரியில் படிக்கிற அவள், தன் புத்தகங்களெல்லாம் நனைந்துபோன துக்கத்தில் இருந்தவள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்றும் பேசாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். முறை வைத்து அந்த இரவையும் மறுநாளையும் கடந்தோம். தீனி போடவே இல்லை. போட்டால் அம்மோனியா ஏறும். மழைக் குளிர்ச்சி எங்களுக்கு உதவியது. மின்சாரம் வந்து மோட்டார் இரைந்தபோது இரண்டு மீன்களும் தொட்டிக்குள் வைத்திருந்த மண்சட்டி ஓட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தன. ஊரில் எத்தனையோ பேர் எவ்வளவோ இழந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் இரண்டு சின்ன மீன்களுக்காக இத்தனை பேர் கை மாற்றி நின்றதை நான் மறக்க மாட்டேன்.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். எங்கள் இரண்டில் ஒன்று கண்கூடாகப் பெருத்தது; மற்றது அதன் எதிரே வரும்போதெல்லாம் உடம்பைச் சிலுப்பிப் பணிந்தது. இவை வழக்கமாகக் குடியிருக்கும் கடல் சாமந்தி இங்கே இல்லாததால் அந்த மண்சட்டி ஓட்டையே வீடாக்கிக்கொண்டன. 2024இல் ஒரு காலையில் ஓட்டின் உட்புறம் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். ஆண் மீன் துடுப்பால் விசிறியபடி விலகாமல் காவல் நின்றது. நாளாக ஆக முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. ஒரு வாரம் கழிந்து, விளக்கை அணைத்த இரவில் பொரித்தன. காலையில் ஒன்றும் இல்லை. வாய்க்குப் பொருத்தமான இரை இல்லாமல் அந்தக் குஞ்சுகள் பிழைப்பதில்லை. அவற்றுக்கு வேண்டியது ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி, ரோட்டிஃபருக்கு வேண்டியது பாசி.

ஆகவே இப்போது பால்கனியில் பச்சைப் பாசி வளரும் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ரோட்டிஃபர் கொஞ்சம் உப்புக் குறைந்த நீரில் நன்றாகப் பெருகும் என்று அப்பாவிடம் சொன்னேன். எத்தனை டிகிரி என்று கேட்டார். இரண்டரை என்றேன். அவர் குழலைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஆண் மீன் மறுபடி ஓட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறது. குஞ்சுகளை வளர்க்கப்போகும் வாளிக்குத் தனி விளக்கும் சின்ன ஏர் பம்பும் இந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் வாங்க வேண்டும்.